மரக்கன்றா, மழைமானியா, மாதிரி மாநாடா? காலநிலை மாற்றத்தைப் பிள்ளைகளோடு பேச ஆறு வழிகள்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆனதும் இந்தக் கேள்வி வந்துவிடும். "சார், சுற்றுச்சூழல் மன்றத்துல நாப்பது பிள்ளைங்க இருக்காங்க. காலநிலை மாற்றம் பத்தி குழுவா ஏதாவது செய்யணும். மரம் நடலாமா, பிச்சாவரம் கூட்டிட்டுப் போலாமா, வேற ஏதாவது இருக்கா?" கேட்பவர் பெரும்பாலும் அறிவியல் ஆசிரியர். சில சமயம் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ஒரு தடவை கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்தும் அக்கா ஒருவர் கேட்டார். எல்லோரிடமும் ஆசை இருக்கிறது, நேரம் குறைவு, பணம் அநேகமாக இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் இப்படிப்பட்ட செயல்களை நடத்திக்கொண்டும், நடத்துபவர்களுக்கு எடுபிடியாக இருந்துகொண்டும் வருகிறேன். இந்தப் பாடத்துக்கு எங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. இன்னொரு பக்கம் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு நிற்கிறது. நடுவில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பண்ருட்டிப் பலாவும் முந்திரியும். 2015 நவம்பர் வெள்ளம் அதற்கப்புறம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வருடாவருடம் ஓவியப் போட்டி மட்டும் நடத்துகிறோமே என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான கேள்வி இது: செயலைத் தொடங்கும்போதே அதன் விடை பிள்ளைகளுக்குத் தெரியுமா? உறுதிமொழி, பேரணி, ஓவியம் எல்லாவற்றிலும் தெரியும். பூமிக்குக் காய்ச்சல், வாயில் தெர்மாமீட்டர், கீழே "மரம் வளர்ப்போம்". எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது அத்துப்படி. பரிசு வாங்குமே தவிர, நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தெரிந்தது என்று சொல்லாது. தான் நினைத்தது தப்பு என்று ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்க இடம் இருந்தால், அந்தச் செயலுக்கு நான் முதல் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

அடுத்து, எத்தனை கைகளுக்கு வேலை இருக்கிறது. நாற்பது பேரில் நான்கு பேர் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் அதற்குக் குழுச் செயல் என்று பேர் வைக்க முடியாது.

மூன்றாவது, அறிவியல் சரியாக இருக்கவேண்டும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், மிகவும் பிரபலமான ஒரு சோதனை தப்பு. இரண்டு ஜாடி, ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து கார்பன்-டை-ஆக்சைடு நிரப்புவது, மேலே விளக்கு, உள்ளே வெப்பமானி. வாயு நிரப்பிய ஜாடி கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் சின்ன ஜாடியில் சூடு கூடுவதற்கு முக்கியக் காரணம் அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதுதான். ஜாடிக்குள் தங்கிக்கொண்டு, சூடு மேலெழுந்து கலைவதைத் தடுக்கிறது. பூமியில் நடப்பதோ, தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை அந்த வாயு உறிஞ்சிக்கொள்வது. விடை சரி, வழி தப்பு என்று கணக்கு வாத்தியார் அடித்துவிடும் ரகம் இது. நானே நான்கு வருடம் செய்து காட்டியிருக்கிறேன்.

அதே இருபது நிமிடத்தில் செய்ய வேறொன்று உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் தண்ணீரில் ஐஸ் கட்டியை மிதக்கவிடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன் உச்சியில் ஐஸ் கட்டி. இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, எது உயரும் என்று கேளுங்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டும் உயரும் என்பார்கள். மிதக்கும் ஐஸ் உருகியும் மட்டம் ஏறாது. கல்லின் மேல் இருந்தது ஏற்றிவிடும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிக்கும் கிரீன்லாந்தின் நிலத்தில் கிடக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

நான்காவது, பயம். புயலில் கூரை போன வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் "2100இல் உலகம் அழியும்" பாணியில் பேசினால் அது பாடமாக இருக்காது. கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள்: அனுமதிக் கடிதம், சனிக்கிழமை, ஆசிரியரின் தூக்கம்.

## அவசரத்தில் இருப்பவர்களுக்கு

| செயல் | எவ்வளவு நேரம் | கைக்காசு | எந்த வகுப்பு | விடை முன்பே தெரியுமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| மரக்கன்று | நட ஒரு மணி, காக்க மூன்று வருடம் | குறைவு | எல்லோரும் | தெரியும் | கோடை விடுமுறைத் தண்ணீர் |
| காரண அட்டைகள் | 2 முதல் 3 மணி | அச்சுச் செலவு | 8க்கு மேல் | தெரியாது | நடத்துபவரின் தயாரிப்பு |
| மாதிரி மாநாடு | அரை நாள் | குறைவு | 9க்கு மேல் | தெரியாது | வாயாடிகளே பேசிவிடுவது |
| கரண்ட் கணக்கு | 3 வாரம் | இல்லை | 7க்கு மேல் | பாதி | வீட்டு வசதி அம்பலமாவது |
| பிச்சாவரம் பயணம் | ஒரு நாள் | அதிகம் | 6க்கு மேல் | நடத்துவதைப் பொறுத்தது | அனுமதி, பாதுகாப்பு |
| மழைமானியும் பெரியவர் பேட்டியும் | ஒரு பருவம் | மிகக் குறைவு | 6க்கு மேல் | தெரியவே தெரியாது | விடாப்பிடி |

## மரக்கன்று நடுதல்

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம், அன்று நடுகிறோம். எங்கள் பக்கம் பெருமழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரத்தில், காய்ந்த மண்ணில் கன்றை வைத்துவிட்டு நான்கு மாதம் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். தப்பிப் பிழைத்தது அடுத்த மே விடுமுறையில் போய்விடும். ஒரே குழியில் மூன்று வருடம் மூன்று கன்று நட்டு மூன்று போட்டோ எடுத்த பள்ளி ஒன்று எனக்குத் தெரியும். அந்த மூன்று போட்டோவிலும் நானும் இருக்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், மரம் நட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பதிந்துபோவது. மரம் தேவை, நிழலுக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் தேவை. எரிக்கும் நிலக்கரிக்கு அது ஈடாகாது. நட்டே தீரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தால், செப்டம்பரில் பனை விதை ஊன்றுங்கள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம். மழை பார்த்துக்கொள்ளும், குடம் தூக்கவேண்டாம். மூன்று வருடம் அதே ஆசிரியர் அதே பள்ளியில் இருப்பார், சுற்றுச்சுவர் உண்டு, ஆடு வராது என்றால் கன்றும் நடலாம்.

## காரண அட்டைகள்

பிரான்ஸில் 2018இல் அமைப்பாகப் பதிவாகி உலகம் முழுக்கப் பரவிய ஒரு விளையாட்டு இது. பெயர் காலநிலை ஃப்ரெஸ்க். ஐபிசிசி என்ற ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் அறிக்கைகளிலிருந்து எடுத்த 42 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காரணமோ விளைவோ இருக்கும். நான்கு முதல் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று, எது எதற்குக் காரணம் என்று அட்டைகளை வரிசைப்படுத்தி, பெரிய தாளில் அம்புக்குறி போட்டு இணைப்பார்கள். மூன்று மணி நேரம் பிடிக்கும். பேச்சாளர் யாரும் கிடையாது. பிள்ளைகளே வாதாடி முடிவுக்கு வருவார்கள்.

நன்றாக நடந்தால் இதற்கு ஈடு இல்லை. சிக்கல் இரண்டு. முழுத் தொகுப்பில் "கதிர்வீச்சு விசை" மாதிரி அட்டைகள் உண்டு, பத்தாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு அது சுமை. சிறுவர்களுக்கென்று சுருக்கிய வடிவமும் இருக்கிறது. இரண்டாவது, நடத்துபவர் முதலில் தானே ஒரு தடவை விளையாடி, பிறகு பயிற்சியும் எடுத்திருக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒருவரைப் பிடிக்க மாதக்கணக்கில் அலைந்தேன்.

அதனால் இப்போது நாங்கள் எங்களுக்கென்று அட்டைகள் எழுதிக்கொள்கிறோம். அவர்களுடைய அட்டையை வெட்டி ஒட்டி மாற்றுவதற்கு உரிமம் இடம்தராது, ஆகவே முதலிலிருந்து சொந்தமாக. பதினெட்டு அட்டை போதும்: நிலக்கரி எரித்தல், மோட்டார் வண்டி, நீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன், காடு அழித்தல், காற்றில் கார்பன்-டை-ஆக்சைடு கூடுதல், கடல் சூடாதல், கடல்நீர் விரிதல், காற்று கூடுதல் ஈரம் பிடித்தல், பெருமழை, நிலத்தடி நீர் உப்பாதல், மீன் வேறிடம் போதல் என்று. கடல் விரிவது என்ற அட்டை எப்போதும் சண்டையைக் கிளப்பும். தண்ணீர் சூடானால் விரியும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள், வங்காள விரிகுடாவும் தண்ணீர்தான் என்பது அந்த நிமிடம்தான் உறைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த குறும்பு, மூன்று பொய் அட்டைகளை நுழைத்துவிடுவது: ஓசோன் ஓட்டை, பிளாஸ்டிக் குப்பை, சுனாமி. கடலூர்ப் பிள்ளைகள் சுனாமியைத் தவறாமல் "கடல்மட்டம் உயர்தல்" பக்கத்தில் வைப்பார்கள். 2004இல் வந்தது கடலுக்கடியில் நடந்த நிலநடுக்கத்தால், காற்றின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்களில் ஒருவரே சொல்லும்வரை காத்திருப்பேன். ஓசோன் விஷயத்தில் ஆசிரியர்களும் விழுவார்கள். ஓசோன் படலம் மெலிந்தது வேறு கதை, வெப்பமாதல் வேறு கதை. கெட்ட விஷயம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான் என்ற பொதுப்புத்தியை உடைக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மட்டும் கிடைக்கிறது, எட்டாம் வகுப்புக்கு மேல், ஐந்தாறு மேசை போட இடமிருக்கிறது என்றால் இதை எடுங்கள். கடைசி அரை மணி நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். அட்டை வரிசை முடிவில் பஞ்சம், நோய், இடம்பெயர்தல் என்றுதான் போய் நிற்கும். அதோடு மணி அடித்து அனுப்பினால் பிள்ளைகள் முகம் தொங்கிப்போய்க் கிளம்பும். நான் அப்படி அனுப்பியிருக்கிறேன், மறுநாள் ஒரு அம்மா வந்து கேட்டார்.

## மாதிரி மாநாடு

நாடுகளாகப் பிரிந்து உட்கார்ந்து பேரம் பேசுவது. உட்காரும் இடத்திலிருந்தே பாடம் தொடங்கவேண்டும். பணக்கார நாடுகளுக்கு நாற்காலி, மேசை, பிஸ்கட். இந்தியா, சீனாவுக்கு நாற்காலி மட்டும். மற்ற ஏழை நாடுகள் தரையில். பிஸ்கட்டைப் பங்கு போடுவார்களா என்று பார்ப்பதே தனி நாடகம். பேரம் தோற்றால் தரையில் இருப்பவர்கள் மேல் நீலத் துணியை விரிப்பது வழக்கம், கடல் ஏறிவிட்டது என்று.

கையில் ஒரு கணினியும் இணையமும் இருந்தால் என்-ரோட்ஸ் என்ற இலவச மாதிரியைத் திரையில் ஓடவிடலாம். கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. நிலக்கரி வரி, சூரிய மின்சாரம், மரம் நடுதல், மீத்தேன் குறைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்த்தி இருக்கும். நகர்த்தினால் 2100இல் உலக வெப்பம் எவ்வளவு கூடும் என்ற எண் மாறும். எதையும் தொடாமல் விட்டால் 3 டிகிரிக்கு மேல் நிற்கும். பாரிஸ் ஒப்பந்தம் 2015இல் சொன்னதோ 2 டிகிரிக்குக் கணிசமாகக் கீழே, முடிந்தால் 1.5. எல்லாக் குழுவும் முதலில் மரம் நடும் நகர்த்தியைக் கடைசிவரை தள்ளும். எண் ஒரு டிகிரியில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் இறங்கும். அறையில் ஒரு முனகல் எழும் பாருங்கள். மரத்தைப் பற்றி நான் மேலே ஒரு பத்தி எழுதியதைத் திரை மூன்று வினாடியில் சொல்லிவிடுகிறது.

இந்தச் செயலை நான் மறக்கமுடியாதபடி ஆக்கியது நெய்வேலிப் பக்கத்து வகுப்பு ஒன்று. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நிலக்கரியை "ஒழிப்பது" என்ற சொல் கடைசி நேரத்தில் "படிப்படியாகக் குறைப்பது" என்று மாறியது, அதை முன்வைத்தது இந்தியா. இந்தியா 2070இல் நிகர பூஜ்யம், அதாவது விடும் கார்பனும் திரும்ப உறிஞ்சும் கார்பனும் சமம், என்று அறிவித்ததும் அந்த மாநாட்டில்தான். நிலக்கரிச் சொல்லை இந்தியா மாற்றியது தப்பு என்றாள் ஒரு மாணவி. சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் எழுந்தான். "எங்கப்பா வேலை போனா நீ சோறு போடுவியா? அமெரிக்காக்காரன் ஒருத்தன் விடுற புகை எங்களை மாதிரி ஏழு பேர் விடுறது. அவனை முதல்ல நிறுத்தச் சொல்லு." கணக்கு ஏறத்தாழ சரி. தலைக்கு ஆண்டுக்கு அங்கே 14 டன் அளவில், இங்கே 2 டன் அளவில். அவள் விடவில்லை. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர் அவளுடைய தாத்தா ஊர். அதற்கப்புறம் நடந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

ஆனால் எல்லா வகுப்பும் இப்படி அமையாது. பெரும்பாலும் நன்றாகப் பேசும் ஐந்து பேர் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் பேச்சாளர், கணக்கர், பேரம் பேச ஊர்சுற்றுபவர், எழுத்தர் என்று வேலை பிரித்து, அரை மணிக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். என்-ரோட்ஸை நான் ஆங்கில முகப்பில்தான் ஓட்டினேன், நகர்த்திகளின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ள ஒரு மாலை செலவானது. மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் என் முதல் பரிந்துரை இது. ஏழாம் வகுப்புக்கு வேண்டாம், பிஸ்கட்டோடு நின்றுவிடும்.

## கரண்ட் கணக்கு

வீட்டு மின்கட்டண அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, யூனிட்டைக் கார்பனாக மாற்றுவது. கணக்கு எளிது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ அளவில்.

முதல் தடவை வீட்டு அட்டைகளை வைத்துத்தான் செய்தேன். அது தப்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் முடித்து ஒரு ரூபாயும் கட்டாத வீட்டுப் பிள்ளையும், இரண்டு ஏசி ஓடும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில். அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பாடம் நின்றுபோய் வேறு ஏதோ தொடங்கிவிட்டது. ஒரு பிள்ளை அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு "மறந்துட்டேன் சார்" என்றது. மறக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

ஆகவே பள்ளியின் மின்சாரத்தை எடுங்கள். அது எல்லோருக்கும் பொது. பிள்ளைகள் ஒவ்வொரு அறையாகப் போய் ஃபேன், டியூப்லைட், மோட்டார் எண்ணுவார்கள். 40 பழைய ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்கு 7 மணி நேரம்: 21 யூனிட். அதே இடத்தில் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 8.4 யூனிட். வருடம் 200 நாள் என்றால் மிச்சம் 2,520 யூனிட், கார்பன் கணக்கில் ஒன்றே முக்கால் டன். இந்த எண்ணோடு பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் போய் நிற்கலாம். ஃபேன் ஒன்று மூவாயிரம் என்றால் நாற்பதுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், யார் தருவது என்ற கேள்வியும் அங்கேதான் வரும். வரட்டும், அதுவும் பாடம்தான்.

வாரம் இரண்டு பீரியட்தான் கிடைக்கும், வெளியே போக அனுமதி இல்லை, கணக்கு ஆசிரியர் ஒத்துழைப்பார் என்ற பள்ளிக்கு இது பொருந்தும். ஒரு எச்சரிக்கை: சுவிட்சை அணைத்தால் உலகம் பிழைக்கும் என்று முடித்துவிடாதீர்கள்.

## பிச்சாவரம் பயணம்

பிள்ளைகளைக் கேட்டால் நூற்றுக்கு நூறு ஓட்டு இதற்குத்தான். சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் காடு. துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழையும்போது சுரபுன்னையின் முட்டுக்கால் வேர்கள் இரண்டு பக்கமும் குனியும். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரமும் இங்கே உண்டு. அதைக் காட்டுங்கள், தொடவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

செலவைச் சொல்கிறேன். பேருந்து வாடகை, படகுக் கட்டணம், சாப்பாடு, தலைமையாசிரியர் வழியாக மேலே போய்த் திரும்பும் அனுமதிக் கடிதம், ஒவ்வொரு பெற்றோரின் கையெழுத்து, உயிர்காப்புச் சட்டை, மாணவிகளோடு ஆசிரியை. பணம் கட்டமுடியாத பிள்ளைகள் "எனக்குக் காய்ச்சல்" என்று சொல்லி நின்றுவிடுவதும் செலவில்தான் சேரும். வடகிழக்குப் பருவத்தில் போகாதீர்கள், ஜனவரி பிப்ரவரி நல்லது.

இவ்வளவும் செய்து போய்வந்து கட்டுரை எழுதச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் படகையும் வழியில் சாப்பிட்ட ஐஸ்கிரீமையும் எழுதுவார்கள். குற்றம் அவர்களிடம் இல்லை. பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கையில் இருக்கவேண்டும். நாங்கள் கடைசியாகப் போனபோது கொடுத்த கேள்வி ஒன்றே ஒன்று: "வெட்டிப் பாழான இடத்தில் காடு திரும்ப எப்படி வந்தது?" இங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டியது. பள்ளமாகி உப்புத் தேங்கிய நிலத்துக்குள் கடல் ஏற்றவற்றத்தைத் திரும்ப விட்டார்கள், கன்றுகள் பிடித்துக்கொண்டன. படகுக்காரரிடம் ஒரு குழு இதைக் கேட்டது. அவர் துடுப்பை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசினார். கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடிந்த இடம் ஒன்றைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது, பயத்துக்கு நல்ல மருந்து.

பணம் தரும் புரவலர் இருந்தால், வேறு ஒரு செயலைச் செய்து முடித்த பிறகு போங்கள். முதல் செயலாக வேண்டாம்.

## மழைமானியும் பெரியவர் பேட்டியும்

என் ஓட்டு எதற்கு என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், பக்கவாட்டில் நெளிவு இல்லாதது. கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடியில் உள்ள வளைவுக்குக் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறித்து, அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். நேர்ச்சுவர் பாத்திரத்தில் எவ்வளவு மில்லிமீட்டர் உயரமோ அவ்வளவு மழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர் என்று சொன்னதும் பிள்ளைகள் குழாயடியில் நிற்கும் அம்மாவை நினைத்துக்கொள்வார்கள். வானிலை நிலையத்தில் போலவே காலை 8.30க்கு எடுத்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினமும் எழுதவேண்டும்.

இதன் வேடிக்கையான கோளாறு ஒன்று: பெருமழை பெய்யும் நாளில்தான் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார். எந்த நாளை அளக்கவேண்டுமோ அந்த நாளில் ஆள் இருக்காது. அதனால் பாட்டில் பள்ளியில் ஒன்று, பிள்ளைகள் வீட்டில் பத்து. 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரி எல்லையோரத்து வீடு ஒன்றில் பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டது. அந்தப் பையன் நோட்டில் "வழிந்தது, எவ்வளவு என்று தெரியாது, 20 செ.மீ.க்கு மேல்" என்று எழுதியிருந்தான். மனதுக்குத் தோன்றிய ஒரு எண்ணைப் போட்டிருக்கலாம், போடவில்லை. அந்த ஒரு வரிக்காக அவனுக்கு நான் ஒரு பேனா வாங்கிக்கொடுத்தேன். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று பிறகு சொன்னபோது, அது அவனுக்கு வெறும் எண்ணாக இல்லை. ஐந்து பாட்டில்.

இரண்டாவது பாதி பேட்டி. ஊரில் அறுபது தாண்டிய இரண்டு பேரிடம் ஒவ்வொரு குழுவும் போகும். "மழை அப்போ எப்படிப் பெய்யும்? எந்த மாசம் விதைப்பீங்க? கிணத்துல எத்தனை அடியில தண்ணி?" என்று கேட்டு எழுதும். மில்லிமீட்டர் கேட்டால் தாத்தாவுக்குத் தெரியாது, அவர் "ரெண்டு உழவு மழை" என்பார். ஒரு உழவு மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டுபிடிப்பது தனி ஆராய்ச்சி. ஒரு குழு மழை நின்றதும் வயலில் மண்வெட்டியால் வெட்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்துப் பாட்டிலோடு ஒப்பிட்டது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகுதான் ருசியான இடம். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை, இப்ப எங்க பெய்யுது?" என்று ஆயா சொல்கிறார். மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் பழைய மழை அளவு இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சில ஊரில் வருட மொத்தம் அப்படி ஒன்றும் குறைந்திருக்காது. அப்போது ஆயா சொன்னது பொய்யா? ஒரு பிள்ளை யோசித்துச் சொன்னது: "மொத்தம் அதேதான் சார், ஆனா நாள் குறைஞ்சிருக்கலாம்ல? நாலு நாள்ல கொட்டிட்டுப் போனா ஆயாவுக்கு மழை இல்லாத மாதிரிதானே இருக்கும்?" காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துவைக்கும் என்ற பாடத்தை அந்த இடத்தில் சொன்னால் அது தானாக உள்ளே போகும்.

இங்கே ஆசிரியர் நேர்மையாக இருக்கவேண்டும். ஒரு பருவத்து அளவு என்பது வானிலை. காலநிலை என்று சொல்லக் குறைந்தது 30 வருடச் சராசரி வேண்டும். "நம்ம பாட்டில் காலநிலை மாற்றத்தை நிரூபிச்சிருச்சு" என்று அறிவியல் கண்காட்சியில் எழுதி ஒட்டினால் அது ஜாடி சோதனையின் தம்பி. பெரியவர் நினைவும் அப்படித்தான், வாலிப வயதில் எல்லா மழையும் பெரிய மழை.

இதன் விலை விடாப்பிடி. நவம்பர் நடுவில் பத்து நாள் மழையே இருக்காது. "பூஜ்யம்" என்று எழுதச் சலிப்பு வரும், பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். பூஜ்யமும் ஒரு அளவு என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சலிப்பைப் போக்க, பள்ளி வாசலில் ஒரு கொன்றையோ வேம்போ தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் குறிக்கும் சீசன்வாட்ச் முறையைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மழை இல்லாத வாரத்தில் மரத்தைப் பார்க்கலாம்.

## யாருக்கு எது

ஒரே ஒரு சனிக்கிழமை கிடைத்தால் அட்டைகள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் மாநாடு. பன்னிரண்டாம் வகுப்புக்கு நேரமே தரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். வாரம் இரண்டு பீரியட் மட்டும் என்றால் பள்ளிக் கரண்ட் கணக்கு. நடுநிலைப் பள்ளி, கிராமம், காசு இல்லை, ஒரு ஆசிரியருக்காவது பிடிவாதம் உண்டு என்றால் மழைமானி. வெள்ளமோ புயலோ அடித்து ஆறு மாதம்கூட ஆகாத ஊர் என்றால் அட்டையும் வேண்டாம், மாநாடும் வேண்டாம். பெரியவர் பேட்டியிலிருந்து தொடங்குங்கள், இதற்கு முன் வந்த புயலுக்கு ஊர் எப்படி எழுந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மேல் சேர்க்க முடிந்தால் ஜூலையில் அட்டை, அக்டோபரிலிருந்து மழைமானி, பிப்ரவரியில் பிச்சாவரம் என்பது நான் பார்த்ததில் நன்றாக ஓடிய வரிசை. பாட்டிலைச் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே வெட்டி வையுங்கள். முதல் மழை காந்தி ஜெயந்தி விடுமுறையில் வந்துவிட்டால், வெட்டாத பாட்டிலை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளும் உங்களைத்தான் பார்க்கும்.